நீர் நீங்கிய உணவும் நாய் பூனைகளும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஒரு மீளாய்வு

நாய்க்கும் பூனைக்கும் உலர்ந்த உணவையே நாளாந்தம் வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடை சொல்லப்பட்டு வருகிறது. உணவு உற்பத்தியாளர்கள் தாராளமாக வைக்கலாம் என்கிறார்கள். பச்சை இறைச்சியை வலியுறுத்துவோர் அறவே கூடாது என்கிறார்கள். மிருக வைத்தியர்களில் பெரும்பாலோர் எந்த விலங்குக்கு, எந்த உணவை, எந்த நிலையில் என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. கருவாடு, ஒடியல், புழுக்கொடியல், மோர்மிளகாய் என வெயிலை நம்பி உணவைச் சேமித்த மண் இது. கருவாட்டின் தலையும் வாலும் நெடுங்காலமாக வளவு நாய்க்கும் அடுப்படிப் பூனைக்கும் போய்வந்தன. இன்று அவற்றின் பக்கத்தில் இறக்குமதிப் பைகளில் வரும் சிறுமணி உணவும் சேர்ந்திருக்கிறது. புலம்பெயர்ந்த உறவினர் வாயிலாக, உறையவைத்து உலர்த்திய இறைச்சி பற்றிய பேச்சும் வந்து சேர்கிறது. மறுபுறம், வற்றாத ஆறுகள் இல்லாத இந்த நிலம் சுண்ணக்கல் பாறையில் தேங்கும் கிணற்று நீரை நம்பியது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகை செல்சியஸை ஒட்டியது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஈரம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். வேறு நாடுகளில் எழுதப்பட்ட விடைகளை இங்கு அப்படியே எடுத்தாள முடியாமைக்கு இவையே காரணம்.

உலர்த்துதல் நீரை மட்டுமே எடுக்கிறது. எஞ்சிய புரதம், கொழுப்பு, உப்பு, நச்சு எல்லாம் செறிந்து நிற்கின்றன. ஆகவே உலர்த்துமுன் அந்த உணவில் என்ன இருந்தது, உலர்ந்தபின் அது எங்கே எப்படி வைக்கப்பட்டது, ஊட்டும்போது இழந்த நீர் விலங்குக்குத் திரும்பிக் கிடைத்ததா என்ற மூன்றையும் கேட்காமல் உலர் உணவை மதிப்பிட முடியாது. முக்கிய நிலைப்பாடுகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய விடை: சோறும் மீனும்

குடாநாட்டில் நாய்க்கெனத் தனியாகச் சமைப்பது அண்மைக்காலம் வரை அரிது. மிஞ்சிய சோறு, மீன் தலை, குடல், கறிச்சட்டியைக் கழுவிய நீர், இடையிடையே கருவாட்டு மிச்சம் என்பனவே அதன் உணவு. வைரவரின் வாகனம் என்ற எண்ணத்தால், உரிமையாளர் இல்லாத நாய்க்குச் சோறு வைப்பதும் அறமாகக் கருதப்பட்டது. இன்று இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் போன்ற முயற்சிகளை அந்த மனப்பாங்கின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம்.

இப்பழக்கத்துக்கு அறிவியல் ஆதரவு ஓரளவு உண்டு. மாப்பொருளைச் செரிக்க உதவும் அமைலேசு நொதியத்துக்குரிய மரபணுப் பிரதிகள் ஓநாயில் இரண்டே இருக்க, நாயில் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேளாண்மை நீண்டகாலம் வேரூன்றிய நிலங்களின் நாய்களில் இவை கூடுதலாக இருப்பதாக 2016இல் வந்த மற்றோர் ஆய்வு தெரிவித்தது. சோறு நாய்க்கு அந்நியமான உணவு என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

சோறு செரிக்கும் என்பதால் மட்டும் அது போதுமானதாகிவிடாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையற் குறிப்புகளை ஆராய்ந்தனர். அவற்றில் 95 வீதமானவற்றில் இன்றியமையாத போசணைப் பொருள் ஒன்றாவது குறைவாக இருந்தது. அவை மிருக வைத்தியர்களும் நூலாசிரியர்களும் திட்டமிட்டு எழுதிய குறிப்புகள். திட்டமில்லாத மிச்சச் சோற்றிலும் கல்சியம், நாகம், விற்றமின் ஈ போன்றவை குறைந்திருக்கக்கூடும் என்று கருதுவதே பாதுகாப்பானது.

கறியில் சேர்பவை தனிச் சிக்கல். குடாநாட்டுச் சமையலின் உயிரான சின்ன வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டின் செங்குருதிக் கலங்களையும் சிதைக்கக்கூடியன. பூனைக்குப் பாதிப்பு அதிகம். சமைத்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. உலர்த்தித் தூளாக்கினால் செறிவு கூடும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிப்பதற்கு அவற்றிலுள்ள தார்த்தாரிக் அமிலம் காரணமாகலாம் என்ற கருத்து அண்மையில் வலுப்பெற்றுள்ளது. புளி தின்ற நாய்களிலும் அதேவிதப் பாதிப்பு கண்டதாக 2022இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று கூறியது. பழப்புளி கரைத்த குழம்புச் சோறு விடயத்தில் இது கவனத்துக்குரியது.

பூனையின் நிலை இன்னும் இறுக்கமானது. அதன் உடல் டோரின் என்ற சேர்மத்தைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. மரக்கறியிலுள்ள கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றவும் அதனால் இயலாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் புழங்காத வீடுகள் பல. ஆண்டு முழுவதும் சைவமாக இருக்கும் வீடுகளும் உண்டு. நாய்க்குக் கவனமாக வகுத்த மரக்கறி உணவு இயலக்கூடியது. பூனைக்கு டோரினும் ஏனையவையும் செயற்கையாகச் சேர்க்காத மரக்கறி உணவு காலப்போக்கில் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கும். அத்தகைய வீடுகளில், மச்சம் சமைக்காமலே பூனையின் தேவையை நிறைவேற்ற முழுமையான சிறுமணி உணவு வழி தருகிறது. உலர் உணவுக்கு ஆதரவாக இங்கிருந்தே எழக்கூடிய வலுவான நியாயம் இது.

தொழிற்சாலையின் விடை: பிஸ்கட் முதல் சிறுமணி வரை

வணிக உலர் உணவின் தொடக்கமாக, அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பிராட் 1860 அளவில் லண்டனில் தயாரித்த நாய் பிஸ்கட்டைக் குறிப்பிடுவார்கள். கோதுமை, மரக்கறி, இறைச்சி ஆகியவற்றைச் சுட்டுக் கடினமாக்கிய பண்டம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பேணியில் அடைத்த உணவு பின்தள்ளப்பட, உலர் உணவு மேலெழுந்தது. 1957இல் பியூரினா நிறுவனம், மாவுக்கலவையை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுத்த சிறுமணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் காணப்படுவது அம்முறையின் வழி வந்ததே.

நிறைவான போசணை, சமையல் தேவையின்மை, மின்சாரம் இல்லாமலும் வைத்திருக்கக்கூடிய தன்மை ஆகிய மூன்றும் இத்தரப்பின் வாதங்கள். மூன்றாவது வாதம் குடாநாட்டில் எடுபடும். 1990களில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்த நிலப்பகுதிக்குக் குளிரூட்டியை நம்பாத உணவின் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் போசணை நிறைவானது என்ற உறுதிமொழி வரலாற்றில் தவறியிருக்கிறது. டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இல் தெரியவந்தது. 1987இல் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயத் தசை தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளின் குருதியில் டோரின் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். அவற்றுள் பல, அன்றைய தரநிர்ணயத்தை நிறைவுசெய்த வணிக உணவையே உண்டுவந்தவை. உற்பத்தியாளர்கள் டோரின் அளவை உயர்த்திய பின்னரே அந்நோய் அரிதாயிற்று. 2018இல், தானியம் நீக்கிப் பட்டாணி, பருப்பு மிகுத்த உணவுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அந்தத் தொடர்பு இன்னும் நிறுவப்படவோ முற்றாக மறுக்கப்படவோ இல்லை.

இலங்கையில் விலையும் ஒரு பலவீனம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது இறக்குமதி உணவை மட்டும் நம்பியிருந்த வீடுகள் தடுமாறின. ஒரே பண்டத்துக்கு மட்டும் பழக்கப்பட்ட பூனை புதிய உணவை மறுக்கும். சில நாள்கள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் கொழுத்த பூனையின் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிராபத்து நேரலாம். பசித்தால் தின்னும் என்று பூனையை விட்டுவைப்பது ஆபத்தானது.

பச்சை உணவு வாதமும் அதன் உலர் வடிவமும்

சமைத்த உணவே நோய்க்கு மூலம் என்ற வாதத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, பிரான்சிஸ் பொட்டெங்கர் 1932 முதல் 1942 வரை கலிபோர்னியாவில் பூனைகளில் நடத்திய சோதனை. பச்சை இறைச்சி உண்டவை செழித்தன. சமைத்ததை உண்டவை தலைமுறை தலைமுறையாக நலிந்தன. டோரினின் பங்கு அன்று அறியப்படவில்லை. சமைக்கும்போது அது குறைந்திருக்கக்கூடும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. 1993இல் அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய நூல், எலும்பும் பச்சை இறைச்சியும் என்ற இயக்கத்தை உலகெங்கும் பரப்பியது. உறையவைத்து உலர்த்திய இறைச்சி அந்த இயக்கத்தின் இன்றைய வணிக வடிவம்.

பதனிடல் குறைந்தால் சில போசணைப் பொருள்கள் கெடாமல் நிற்கும் என்பது அதன் வலிமை. கிருமி அதன் பலவீனம். உறையவைத்தலோ குளிரில் உலர்த்துதலோ சல்மொனெல்லாவை நம்பத்தகுந்த அளவில் கொல்வதில்லை. அது உறங்கிக் கிடந்து, நீர் பட்டதும் எழும். வெப்பத்தில் சமைத்த சிறுமணியும் பின்னர் மாசுபடலாம். 2012இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுமணி உணவோடு தொடர்புபட்டு 49 மனிதர்களுக்குச் சல்மொனெல்லாத் தொற்று ஏற்பட்டது. நாயின் கோப்பையைத் தொட்டு விளையாடும் குழந்தையும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவரே.

குடாநாட்டின் சொந்த அறிவு இங்கு உதவுகிறது. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மாசி, மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திப் பெறப்படுவது. அவித்து உலர்த்துவதும் பச்சையாக உலர்த்துவதும் வேறுவேறு என்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. வீட்டில் இறைச்சித் துண்டு காயவைத்து நாய்க்குக் கொடுக்க விரும்புவோருக்கும் இதுவே வழி. கோழி இறைச்சியை உள்வெப்பம் 74 பாகையையும், மாட்டிறைச்சியை 71 பாகையையும் எட்டும்வரை சமைத்தபின் உலர்த்தவேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களம் மனித உணவுக்குத் தரும் அறிவுரை. வெயிலின் சூடு மட்டும் அந்த அளவை எட்டாது.

கருவாட்டின் மூன்று சோதனைகள்

குருநகர், பாசையூர், பருத்தித்துறை, மயிலிட்டி என மீன்பிடிக் கரைகள் சூழ்ந்த குடாநாட்டில் மலிவாகக் கிடைக்கும் உலர்ந்த விலங்குப் புரதம் கருவாடுதான். முள்ளோடு முழுதாகத் தின்னக்கூடிய நெத்தலி கல்சியமும் தருகிறது. ஆயினும் அதை நாளாந்த உணவாக்கும் முன் மூன்றைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது உப்பு. நாயின் உடல்நிறையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் வரையான உப்பு நச்சு அறிகுறிகளைத் தரலாம். 4 கிராம் அளவில் உயிர் போகலாம். குடிக்க நீர் இல்லாவிட்டால் ஆபத்து இன்னும் முன்னதாகவே வரும். நன்றாக உப்பிட்ட கருவாட்டில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு உப்பு இருப்பது வழமை. அப்படியானால் ஐந்து கிலோ எடையுள்ள நாயொன்றுக்கு 50 முதல் 100 கிராம் கருவாடே எச்சரிக்கை எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, அவித்து வடித்தால் உப்பில் கணிசமான பங்கு வெளியேறும். முழுவதும் போகாது. சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்ட விலங்குக்குக் கருவாட்டைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது, தயமின் எனப்படும் விற்றமின் பி1. நெத்தலி உள்ளிட்ட சில மீன்களின் பச்சைத் தசையிலும் குடலிலும் தயமினைச் சிதைக்கும் நொதியம் உண்டு. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பச்சை மீன் தின்ற பண்ணை நரிகள் வாதமுற்று இறந்ததிலிருந்தே இது வெளிப்பட்டது. அத்தகைய மீனையே தொடர்ந்து தின்னும் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். கொதிக்கவைத்தால் அந்நொதியம் அழியும். வெயிலில் காய்ந்ததாலேயே அது அழிந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

மூன்றாவது கொழுப்பின் பழுது. எண்ணெய்ப் பற்றுள்ள மீன் திறந்தவெளியில் காயும்போது அதன் கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடுகிறது. அத்தகைய மீனையே விற்றமின் ஈ போதாமல் உண்ணும் பூனைகளில், உடற்கொழுப்பு அழற்சியுற்று மஞ்சளாகும் நோய் பதிவாகியுள்ளது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் உலர்த்துமுன் வெப்பத்தில் கிடந்தால் உருவாகும் ஹிஸ்டமினும் பின்னர் அவித்தாலும் நீங்காது. பழுது தொடங்கிய மீனே கருவாடாக்கப்படும் வேளைகளில் இது முக்கியமாகிறது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கருவாடு நாய் பூனைகளுக்கு இடைக்கிடை சேர்க்கக்கூடிய துணை உணவு என்ற அளவிலேயே நிற்கிறது.

பூனையின் நீர்க் கணக்கு

வீட்டுப் பூனையின் மூதாதை வரண்ட நிலத்துக் காட்டுப் பூனை. இரையின் உடலிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்று, அடர்ந்த சிறுநீர் கழித்து வாழப் பழகியது. எலியின் உடலில் ஏறத்தாழ 65 முதல் 70 வீதம் நீர். சிறுமணியில் 10 வீதத்தை ஒட்டியே உண்டு.

நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 மில்லிலீற்றர் அளவு நீர் தேவை எனக் கொள்வோம். 60 கிராம் சிறுமணி அதில் சுமார் 6 மில்லிலீற்றரையே தரும். அதே சக்திக்குரிய ஈர உணவு சுமார் 250 கிராம். அதிலிருந்து 190 மில்லிலீற்றருக்கு மேல் கிடைத்துவிடும். உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கிறது என்றாலும், மொத்த நீர் உள்ளெடுப்பு பொதுவாக ஈர உணவு தின்னும் பூனையைவிடக் குறைவாகவே இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் சிறுநீர்ப்பைக் கற்களும் அடைப்பும் மிகுகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒருமிக்கவில்லை. உடற்பருமன், அசைவின்மை, மன அழுத்தம் என்பனவும் காரணங்களாகின்றன. ஏற்கெனவே அடைப்பு வந்த ஆண் பூனைக்கு ஈர உணவே நல்லது என்பதில் மட்டும் பரந்த உடன்பாடு உண்டு.

அந்த நீர் குடாநாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்வியே. சுண்ணக்கற் கிணற்று நீர் கடினமானது. தீவகத்தின் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். வலிகாமத்தின் விளைநிலக் கிணறுகளில் உரத்தின் வழி சேர்ந்த நைத்திரேற்று நீண்டகாலமாகப் பதிவாகிவருகிறது. கடின நீர் பூனைக்குக் கல்லைத் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் உவர்நீரைப் பூனை விரும்பிக் குடிக்காது போகலாம். குறைவாகக் குடிப்பதே கேடு. மனிதர் குடிக்கும் நன்னீரையே பூனையின் கோப்பையிலும் ஊற்றுவது இங்கே சிறிய செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

சேமிப்பு: சோளகமும் மாரியும்

சிறுமணி உணவை 27 பாகைக்குக் குறைந்த, ஈரமற்ற இடத்தில் வைக்கவேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. குடாநாட்டின் சராசரி வெப்பமே அதைக் கடந்தது. ஆகவே பையில் அச்சிட்ட காலாவதித் திகதி இங்கே ஒரு மேல் எல்லை மட்டுமே. பை திறந்தபின் ஆயுள் இன்னும் சுருங்கும்.

வெப்பம் கொழுப்பைக் கெடுக்கிறது; ஈரம் பூசணத்தை அழைக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூசணம் தரும் அஃப்லடொக்சின் ஈரலைத் தாக்கும். பூசணத்தைத் தட்டிவிட்டாலும், சூடாக்கினாலும் அந்நச்சு போய்விடாது. 2020 இறுதியில் அமெரிக்காவில் இந்நச்சுக் கலந்த வணிக உணவோடு தொடர்புபடுத்தி 110க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்புகள் பதிவாகின. அங்கே தொகுதி எண்ணைக் கொண்டு பைகளைத் திருப்பிப் பெற முடிந்தது. மூட்டை பிரித்து நிறுத்து விற்கும் உணவுக்கு அந்த எண்ணும் திகதியும் வாங்குபவரிடம் வந்துசேர்வதில்லை.

இதிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு சிறிய பையை வாங்குவது; அசல் பையோடு இறுக்கமான மூடியுள்ள பேணியில் வைப்பது; பழைய உணவின் எண்ணெய் படிந்த பேணியில் புதியதைக் கொட்டாதிருப்பது; சீமெந்து நிலத்திலிருந்து உயர்த்தி, குசினி அடுப்பிலிருந்து விலக்கி வைப்பது. எலி புகாத பேணி எலிக்காய்ச்சல் ஆபத்தையும் குறைக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் உலர்ந்த பண்டம் மாரி தொடங்குமுன் ஒருமுறை வெயில் காண்பது கருவாட்டுக்கும் ஒடியலுக்கும் உள்ள பழைய வழக்கம். சிறுமணிக்கு அது பொருந்தாது. வெயில் அதன் கொழுப்பையும் விற்றமின்களையும் கெடுக்கும். பழுதுநெடி வீசும் உணவை வெளியே கொட்டினால் தெரு நாய் தின்னும், புதைப்பதே முறை.

ஊறவைத்தலும் ஊட்டலும்

இழந்த நீரை ஊட்டுமுன்னரே திருப்பிக் கொடுப்பது இத்தனை வாதங்களுக்கும் நடுவே பெரும்பாலோர் ஏற்கும் வழி. கொதித்தாறிய இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடமளவு ஊறிய சிறுமணி குட்டிகளுக்கும், பல் விழுந்த முதிய விலங்குக்கும், நீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கும் ஏற்றது. ஆனால் ஊறிய கணமே அது உலர் உணவு என்ற பாதுகாப்பை இழக்கிறது. 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஈர உணவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கலாகாது என்பது மனித உணவுக்கான விதி. குடாநாட்டின் பகல்களுக்கு அதுவே பொருந்தும்.

சாதாரண சிறுமணி பல்லைத் துலக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்குச் சான்று மெலிது. பெரும்பாலான மணிகள் பல் பட்டதும் உடைந்துவிடுகின்றன. அளவும் கவனத்துக்குரியது. நூறு கிராம் சிறுமணியில் 350 முதல் 400 கிலோகலோரி வரை இருக்கும். சோற்றுக் கோப்பையின் அளவிலேயே அதையும் நிரப்பினால் விலங்கு கொழுக்கும். உணவை மாற்றும்போது ஒரு வாரமளவு பழையதோடு கலந்து மாற்றுவது குடலுக்கு நல்லது.

மதிப்பீடு

நாயைப் பொறுத்தவரை, நன்கு வகுத்த சிறுமணி உணவு முதன்மை உணவாக இருக்கலாம் என்பதற்குச் சான்று வலுவானது. சோறும் அவித்த மீனும் அதனோடு சேர்வதற்கும் தடையில்லை. வெங்காயம், உள்ளி, புளி, உப்பு விலகியிருந்தால் போதும். பூனைக்கு உலர் உணவு வாழப் போதுமானது. ஆயினும் நீரின் பக்கம் அது எப்போதும் கடன்பட்ட உணவு. அந்தக் கடனை ஊறவைத்தோ, ஈர உணவு கலந்தோ, நன்னீர் வைத்தோ தீர்க்கவேண்டும். பச்சையாக உலர்த்திய இறைச்சியின் சிறப்புக்குக் காட்டப்படும் சான்று, அதன் கிருமி ஆபத்தை ஈடுசெய்யும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

விடை எட்டாதவையும் பல. பருப்பு மிகுந்த உணவுக்கும் நாயின் இதயத்துக்கும் உள்ள தொடர்பு, உலர் உணவுக்கும் பூனையின் சிறுநீர்க் கற்களுக்கும் உள்ள தொடர்பு, கடின நீரின் பங்கு ஆகியன உலகளவில் திறந்த கேள்விகள். மாரிகாலத்தில் இங்கு விற்கப்படும் உணவில் பூசண நச்சு எவ்வளவு, ஊறவைத்து அவித்த கருவாட்டில் எஞ்சும் உப்பு எவ்வளவு, சோறும் மீனும் தின்னும் வளவு நாயின் குருதியில் எந்தப் போசணை குறைகிறது என்பன இங்கேயே அளந்து அறியவேண்டியவை. கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் பேராதனையின் மிருக வைத்திய பீடமும் மேற்கொள்ளக்கூடிய பணிகளே அவை. அந்த அளவீடுகள் கிடைத்தால் குடாநாட்டு வெயிலுக்கும் நீருக்கும் பொருந்திய விடையைச் சொல்ல முடியும். அதுவரை உலர்த்துமுன் என்ன இருந்தது, எங்கே வைத்திருந்தோம், நீர் திரும்பிக் கிடைத்ததா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு ஊட்டுவதே, நம்மை நம்பியிருக்கும் விலங்குக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான கடமை.